இணை சேர்க்கும் நாளிலேயே குறிக்க வேண்டிய தேதிகள்

வீட்டின் பின்புறத்தில் ஆறு கூண்டுகளை அமைத்து, மூன்று பெண் முயல்களையும் ஓர் ஆண் முயலையும் வளர்க்கத் தொடங்கியபோது, வீட்டுக்கு வேண்டிய இறைச்சியையும் தோலையும் நாங்களே உண்டாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் மட்டுமே என்னிடம் இருந்தது. எந்த முயலை எந்த நாளில் யார் அறுப்பது என்பதை நான் யோசிக்கவே இல்லை. மூன்றும் ஒரே வாரத்தில் 7, 9, 6 என்று மொத்தம் 22 குட்டிகளைப் போட்டன. குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆனதும் தாய்களை மறுபடியும் இணை சேர்த்தேன். ஒரு மாதத்தில் இன்னும் 20 குட்டிகள் வந்தன. முதல் தொகுதியைப் பன்னிரண்டாம் வாரத்தில் அறுத்திருக்க வேண்டும். எனக்கோ கத்தியை எடுக்க மனம் வரவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டேன். அதற்குள் இரண்டாம் தொகுதிக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் நாள் வந்துவிட, ஆறு கூண்டுகளுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட முயல்களை அடைக்க வேண்டியதாயிற்று. பருவத்துக்கு வந்த ஆண் குட்டிகள் ஒன்றையொன்று கடித்துக் கிழித்தன. சிறியவற்றுக்குக் கழிச்சல் கண்டது. பத்து நாட்களில் பதினொரு குட்டிகள் வயிறு உப்பிச் செத்துப்போயின.

நோய் எங்கிருந்தோ வந்து அவற்றைக் கொண்டுபோகவில்லை. அறுக்க வேண்டிய நாளில் அறுக்காததால் நெருக்கடி வந்தது. நெருக்கடியால் எருவும் ஈரமும் பெருகின. அவற்றில் கிருமி பெருகியது. ஒரே ஒரு வேலையை நான் தட்டிக்கழித்ததற்குப் பதினொரு உயிர்கள் வேதனையோடு போயின என்பதை நினைக்க இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். பெண் முயலை ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டுபோகும் அதே நாளில், அதன் கூண்டில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, சினை பார்க்கும் நாள், குட்டி போடுவதற்கான பெட்டி வைக்கும் நாள், குட்டி போடும் நாள், குட்டி பிரிக்கும் நாள் ஆகியவற்றோடு அறுக்கும் நாளையும் எழுதிவிடுவேன். அந்தக் கடைசித் தேதியை எழுதக் கை வராவிட்டால், இணை சேர்ப்பதையே நிறுத்திவிடுவேன்.

இணை சேர்ப்பதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது. பெண் முயல் தன் கூண்டைத் தன் வளையாகவே கருதுகிறது. அங்கே நுழையும் ஆணைக் கடித்துக் காயப்படுத்தும். நான் முதல் முறை இதைத் தலைகீழாகச் செய்து, ஆண் முயலின் விதைப்பையருகே ஏற்பட்ட கடிகாயம் ஆறும்வரை மூன்று வாரம் காத்திருந்தேன். பெண் முயலுக்கு மாடுபோல் நாள் குறித்து வரும் பருவச் சுழற்சி கிடையாது. இணை சேர்ந்த தூண்டுதலால்தான், சுமார் பத்து மணி நேரம் கழித்து அதன் கருமுட்டைகள் வெளிப்படுகின்றன. ஆனாலும் எல்லா நாளும் அது இசைவதில்லை. பிறப்புறுப்பு வெளிறி உலர்ந்திருந்தால் பெரும்பாலும் மறுத்துவிடும். சிவந்து ஈரமாக இருந்தால் இசையும். சேர்க்கை முடிந்ததும் ஆண் முயல் ஒரு சிறு ஒலியோடு பக்கவாட்டில் சரிந்து விழும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் காரியத்துக்காக இரண்டையும் இரவு முழுவதும் ஒன்றாக விட்டுவைப்பது சண்டைக்குத்தான் வழி. ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ஒருமுறை சேர்த்தால் சினை பிடிக்கும் வாய்ப்புக் கூடுகிறது.

நியூசிலாந்து வெள்ளை, கலிபோர்னியன் போன்ற நடுத்தர இறைச்சி இனங்களில் பெண் ஐந்தாறு மாத வயதிலும், ஆண் அதற்கு ஒரு மாதம் பிந்தியும் இனப்பெருக்கத்துக்குத் தகுதி பெறுகின்றன. நியூசிலாந்து வெள்ளை என்று பெயர் இருந்தாலும் அந்த இனம் உருவானது அமெரிக்காவில்தான். உடல் பெருத்துவிட்டது என்பதற்காக நான்கு மாதத்திலேயே சேர்ப்பதும் தவறு. ஒரு வயதுவரை முதல் ஈற்றைத் தள்ளிப்போட்டு, உள்ளே கொழுப்புக் கட்டவிட்டுப் பிறகு சினை பிடிக்கவில்லை என்று வருந்துவதும் தவறு.

ஒரு கோடையில் மூன்று பெண் முயல்களும் இணை சேர்ந்தும் சினை பிடிக்கவில்லை. குறை பெண்களிடம் இருப்பதாக நினைத்துத் தீவனத்தை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. குறை ஆணிடம், அதுவும் வெயிலால் வந்தது. முயலுக்கு வியர்த்துக் குளிரும் உடலமைப்பு இல்லை. மூச்சாலும், ரத்தக்குழாய்கள் நிறைந்த அந்த நீண்ட காதுகளாலும்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது. 30 பாகை செல்சியசுக்கு மேல் பல நாள் நீடித்தால் ஆணின் விந்தணுக்கள் கெட்டுவிடும். புதிய விந்தணுக்கள் உருவாகி முதிர ஒன்றரை முதல் இரண்டு மாதம் பிடிப்பதால், வெயில் தணிந்த உடனேயும் பலன் தெரிவதில்லை. அந்த ஆண்டுக்குப் பிறகு, வீட்டிலேயே மிகக் குளிர்ந்த மூலை எதுவோ அதை ஆண் முயலுக்குக் கொடுத்துவிட்டேன். கடும் வெயில் நாட்களில் நீரை உறையவைத்த புட்டி ஒன்றைக் கூண்டுக்குள் படுக்க வைத்தால், முயல் தானாகவே வந்து அதன்மேல் சாய்ந்துகொள்கிறது. காதின் மேற்பகுதியை ஈரத்துணியால் நனைப்பதும் உதவும். குளிரை முயல் நன்றாகவே தாங்கும். ஈரத்தையும் நேரடிக் காற்றையும் வெப்பத்தையும்தான் தாங்காது.

இணை சேர்த்த 12 முதல் 14 நாட்களுக்குள் வயிற்றைத் தொட்டுச் சினை பார்க்கலாம். முயலை வழுக்காத மேசைமேல் நிறுத்தி, ஒரு கையால் தோள்பகுதித் தோலைப் பிடித்து, மறுகையை அடிவயிற்றின் கீழ் வைத்துக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெல்ல வருடினால், திராட்சைப் பழ அளவில் வழுக்கிச் செல்லும் உருண்டைகள் தட்டுப்படும். குடலில் இருக்கும் புழுக்கைகள் இவற்றைவிடச் சிறியவை, கெட்டியானவை, முதுகெலும்பை ஒட்டியிருப்பவை. இந்த வேறுபாடு என் விரலுக்குப் பிடிபட ஆறேழு முறை ஆயிற்று. அழுத்திப் பார்க்கும் ஆர்வத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், ஏனென்றால் அழுத்தத்தால் கரு சிதைந்துவிடக் கூடும். சினை பிடிக்காத முயல் சில வேளை பொய்ச்சினை கொண்டு, பதினாறு பதினேழாம் நாளில் முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும். அட்டையில் தேதி இருந்தால் அதைக் கண்டு ஏமாற மாட்டோம்.

இணை சேர்த்த 28ஆம் நாள் குட்டிப் பெட்டியை வைக்க வேண்டும். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மரப்பெட்டி நடுத்தர இனத்துக்குப் போதும். முயல் உள்ளே திரும்ப இடம் வேண்டுமே தவிர, உலாவ இடம் இருக்கக் கூடாது, இருந்தால் குட்டிகள் சிதறிக் குளிர்ந்துபோகும். அடியில் மரத்தூளும் அதன்மேல் நிறைய உலர்புல்லும் நிரப்பித் தருவேன். இருபதாம் நாளிலேயே வைத்துவிட்டால் தாய் அதைக் கழிப்பிடமாக்கிவிடும். முப்பதாம் நாள்வரை மறந்துபோய் வைக்காமல் இருந்ததன் விளைவை ஒருமுறை பார்த்தேன்: காலையில் கம்பி வலையின்மேல் எட்டுக் குட்டிகள் பச்சை உடம்பாய்க் கிடந்தன. ஐந்து விறைத்திருந்தன. மீதி மூன்றும் செத்ததுபோலவே சில்லிட்டு அசைவற்றுக் கிடந்தாலும், என் மனைவி அவற்றை வெதுவெதுப்பான நீரில் தலை மூழ்காதபடி பிடித்துச் சூடேற்றி, துடைத்து உலர்த்தி, உள்ளங்கைக்குள் பொதிந்து வைத்திருந்தார். அரை மணி நேரத்தில் ஒன்று வாயைத் திறந்தது. இரண்டு பிழைத்தன. சில்லிட்டுக் கிடக்கும் குட்டியைச் சூடேற்றிப் பார்க்காமல் செத்ததென்று தீர்மானிக்கக் கூடாது என்பதை அன்று கற்றேன்.

குட்டி போடும் நேரத்தில் தாய் தன் வயிற்று முடியையும் தாடைக்குக் கீழுள்ள முடியையும் பிடுங்கி மெத்தை அமைக்கும். இதனால் குட்டிகளுக்குக் கதகதப்பு கிடைப்பதோடு, காம்புகளும் மறைப்பின்றி வெளித் தெரிகின்றன. அந்த நாளில் கூண்டில் நீர் எப்போதும் இருக்க வேண்டும். தாகமும் பயமும் சேர்ந்தால் தாய் குட்டிகளையே தின்றுவிடுவதுண்டு, முதல் ஈற்றில் அந்த அபாயம் கூடுதல். நாயைக் கட்டிவைத்து, பிள்ளைகளையும் அந்தப் பக்கம் போக வேண்டாமென்று சொல்லி, சந்தடி இல்லாமல் பார்த்துக்கொள்வோம்.

மனிதக் கை பட்டால் தாய் குட்டிகளை ஒதுக்கிவிடும் என்று பலரும் சொன்னதை நம்பி, முதல் ஈற்றில் ஒரு வாரம் பெட்டியின் பக்கமே போகாமல் இருந்தேன். உள்ளே செத்துக் கிடந்த இரண்டு குட்டிகள் அழுகி, அந்த ஈரம் மற்றவற்றின் தோலில் புண்ணாகியிருந்தது. அந்த நம்பிக்கை தவறானது. கையைக் கழுவி, தாயின் கூண்டிலுள்ள புல்லில் தேய்த்துக்கொண்டு, தாய்க்குக் கொஞ்சம் தீவனம் வைத்துக் கவனத்தைத் திருப்பிவிட்டு, பிறந்த அன்றே பெட்டியைப் பார்த்துக் குட்டிகளை எண்ணி, செத்தவற்றையும் நஞ்சுக்கொடித் துண்டுகளையும் எடுத்துவிட வேண்டும். பிறகு தினமும் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது வயிறு. பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு திரண்டு, மெல்லிய தோலினூடே வெண்மை தெரியும். குடிக்காததன் தோல் சுருங்கி, வயிறு ஒட்டியிருக்கும்.

தாய் எப்போதும் பெட்டிக்கு வெளியிலேயே இருக்கிறதே, குட்டிகளைக் கவனிக்கவில்லையோ என்று தொடக்கத்தில் நான் கலங்கியதுண்டு. முயல் நாளொன்றுக்குப் பெரும்பாலும் ஒரே முறைதான், அதுவும் ஐந்து நிமிடத்துக்குள் பாலூட்டி முடித்துவிடுகிறது. இரை தேடும் விலங்குகளின் பார்வை வளையின்மேல் படாமலிருக்கக் காட்டில் கொண்ட வழக்கம் அது. குட்டிகள் சிறியவை என்று தாயைப் பிடித்துப் பெட்டிக்குள் அடைத்துவைத்தால் அது அவற்றை மிதித்துத்தான் கொல்லும்.

தாய்க்கு எட்டுக் காம்புகள்தான் பெரும்பாலும் இருக்கும். பத்து குட்டி போட்டால் மெலிந்தவை பின்தங்கிவிடும். அதனால் எப்போதும் இரண்டு பெண் முயல்களை ஒரே நாளில் இணை சேர்க்கிறேன். ஒன்றில் பத்தும் இன்னொன்றில் நான்கும் பிறந்தால், மூன்று நாட்களுக்குள் பெரியவை சிலவற்றை எடுத்து மற்றதன் பெட்டிக்கு மாற்றிவிடலாம்; அது பேதம் பார்ப்பதில்லை. ஒரு தாய்க்கு மடிவீக்கம் வந்தாலோ இறந்துபோனாலோகூடக் குட்டிகளுக்கு இன்னொரு மடி இருக்கும். ஆனால் மடிவீக்கம் கண்ட தாயின் குட்டிகளை மற்றதனிடம் விட்டால் நோய் அதற்கும் பரவக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பத்து முதல் பன்னிரண்டு நாட்களில் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் பெட்டியை விட்டு வெளியே வந்து தாயின் தீவனத்தைக் கொறிக்கத் தொடங்கும். இதற்குப் பிறகுதான் உண்மையான அபாயக் காலம். நான்காம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை எனக்கு ஏற்பட்ட இழப்பு மற்ற எல்லா வயதையும் சேர்த்ததைவிட அதிகம். பாலிலிருந்து திட உணவுக்கு மாறும் அந்த நாட்களில் குடலில் நுண்ணுயிர்கள் நிலைபெற்றிருக்காது. மாவுச்சத்து மிகுந்த தானியத்தை அள்ளி வைத்தாலும், ஈரம் சொட்டும் தழையைப் போட்டாலும், தீவனத்தைத் திடீரென மாற்றினாலும் கழிச்சல் வந்துவிடும். இப்போது ஐந்தாம் வாரம் முடிந்து பிரிக்கும்போது, குட்டிகளை எடுக்காமல் தாயை எடுத்து வேறு கூண்டுக்கு மாற்றுகிறேன். குட்டிகள் பழகிய இடத்திலேயே, பழகிய தீவனத்தோடு இருக்கும். புதிய தீவனம் கொடுக்க வேண்டுமானால் பழையதோடு கலந்து ஒரு வாரம் பத்து நாளில்தான் மாற்றுகிறேன்.

முயலின் உணவில் முதலிடம் நார்ச்சத்துக்கே. உலர்புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். அது குடலை இயங்கச் செய்கிறது, வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் பற்களையும் தேய்க்கிறது. அதற்கு மேல், 16 முதல் 18 விழுக்காடு புரதமுள்ள, அரைத்துச் சிறு குச்சிகளாக அழுத்திய தீவனத்தைப் பெரிய முயலுக்கு நாளொன்றுக்கு 120 முதல் 150 கிராம்வரை அளந்து வைக்கிறேன்; பாலூட்டும் தாய்க்கும் வளரும் குட்டிகளுக்கும் அளவு வைப்பதில்லை. குதிரைமசால் போன்ற புரதம் மிகுந்த தழையை வாடவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பாலூட்டும் முயல் வெப்ப நாளில் ஒரு லிட்டருக்கு மேலும் நீர் குடிக்கும். நீர்க்குழாயின் முனை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பது என் காலை வேலைகளில் முதலாவது, ஏனென்றால் நீர் நின்றால் தீவனமும் நின்றுவிடும். முயல் தன் ஆசனவாயில் வாயை வைத்து மென்மையான ஒருவகை எருவைத் தின்பதைக் கண்டால் பதற வேண்டாம். பெருங்குடலின் முன்பையில் நொதித்து வரும் அந்த எருவில் புரதமும் பி வகை வைட்டமின்களும் இருக்கின்றன. நலமான முயல் அதைத் தின்றே ஆக வேண்டும். கீழே சேரத் தொடங்கினால்தான் ஏதோ கோளாறு என்று பொருள்.

பதினொரு குட்டிகளைக் கொன்றது ரத்தக்கழிச்சல் நோய். அதை உண்டாக்கும் ஓரணு உயிரியின் முட்டைகள் எருவோடு வெளிவந்து, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் சில நாட்களிலேயே தொற்றும் நிலையை அடைகின்றன. ஆகவே எரு கம்பி வலை வழியே கீழே விழுந்து, முயலின் வாய்க்குத் திரும்பி வராமல் இருந்தாலே சங்கிலி அறுந்துவிடும். தரைக்கு 12.5 மில்லிமீட்டர் அகலமும் 25 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட கண்ணுள்ள தடித்த வலையைப் பயன்படுத்துகிறேன். அதைவிடப் பெரிய கண்ணில் குட்டியின் கால் சிக்கும், சிறியதில் எரு தங்கும். வழக்கமான கிருமிநாசினிகள் அந்த முட்டைகளை எளிதில் கொல்வதில்லை. கொதிநீரும் தீயும் நன்றாக உலர்வதும்தான் கொல்லும். கூண்டுகளை ஒவ்வொரு தொகுதிக்கும் நடுவே தீச்சுவாலையால் வாட்டுகிறேன், ஒட்டிய முடியும் அதில் எரிந்துவிடும். வலையின்மேல் எந்நேரமும் நின்றால் பின்னங்காலில் புண் வரும். அதற்காக ஒரு மரப்பலகையை ஒரு மூலையில் போட்டுவைத்தால் முயல் அதில் படுத்துக்கொள்ளும்.

மருந்தைப் பற்றி ஒன்றை மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு பெண் முயலின் காலில் கட்டி வந்தபோது, வீட்டில் மனிதருக்காக வாங்கியிருந்த அமாக்சிசிலினைக் கரைத்து வாய்வழியாகக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கழிச்சல் கண்டது. ஐந்தாம் நாள் இறந்தது. பென்சிலின் வகை மருந்துகளும் கிளிண்டாமைசின், லிங்கோமைசின் போன்றவையும் வாய்வழியே போனால் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நஞ்சை உண்டாக்கும் கிருமிகளுக்கு இடம் கொடுத்துவிடுகின்றன. நாய்களுக்கு உண்ணிக்காகப் பூசும் பிப்ரோனிலும் முயலுக்கு நஞ்சு. முயலைப் பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவர் சொல்லாமல் எதையும் கொடுக்கக் கூடாது. தீவனத்தில் மருந்து கலந்திருந்தால், அது உடலிலிருந்து நீங்குவதற்கான நாட்களைக் கழித்த பிறகே அறுக்க வேண்டும் என்பதால், அந்த நாட்களையும் அட்டையில் சேர்த்து எழுதுகிறேன்.

காதுச் சொறியை எளிதில் கண்டுபிடிக்கலாம்: காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு அடுக்கடுக்காய் இருக்கும். சளிநோய் கண்ட முயல் முன்னங்கால்களால் மூக்கைத் துடைத்துத் துடைத்து, கால்களின் உட்புற முடி ஒட்டிக்கிடக்கும். வெளியிலிருந்து வரும் முயலை ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்துவிட்டே மற்றவற்றின் அருகே கொண்டுவருகிறேன். கொசுவும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும் மிக்சோமடோசிஸ் நோயும், 1984இல் சீனாவில் முதலில் கண்டறியப்பட்ட ரத்தப்போக்கு நோயும் ஒரு கூட்டத்தையே அழிக்க வல்லவை. தடுப்பூசி கிடைக்கும் இடங்களில் போட்டுவிடுவது நல்லது.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தோள்பகுதித் தோலை ஒரு கையால் பிடித்து, பின்புறத்தை மறு கையால் தாங்கி, உடம்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். பின்புறம் தொங்கவிடப்பட்டால் அது உதைக்கும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும்.

அறுப்பதை நான் ஓர் அனுபவசாலியிடம் நேரில் கற்றேன். எழுத்தைப் படித்து முதல் முறையாகத் தனியே செய்யத் துணியாதிருப்பதே முயலுக்குச் செய்யும் நன்மை. வீட்டில் அறுப்பதற்கு உங்கள் இடத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தீவனத்தை நிறுத்தி நீரை மட்டும் வைத்தால் குடல் வெறுமையாகி, வேலை சுத்தமாக நடக்கும். மற்ற முயல்கள் காணாத, ரத்த வாடை எட்டாத இடத்தில், பதறாமல் கொண்டுவந்து, ஒரே அடியிலோ கழுத்து மூட்டை விலக்கியோ கணத்தில் உணர்விழக்கச் செய்ய வேண்டும். தயங்கிய கைதான் வேதனையைத் தருகிறது. என் கை முதல் முறை தயங்கியது. அதனால் அடுத்த சில முறைகள் கற்றுத்தந்தவரை அருகில் வைத்துக்கொண்டுதான் செய்தேன்.

2.2 கிலோ எடையுள்ள பன்னிரண்டு வார முயலில் 1.1 முதல் 1.2 கிலோவரை இறைச்சி கிடைக்கும். ஈரலிலிருந்து பித்தப்பையை உடையாமல் எடுக்க வேண்டும். ஈரலில் மஞ்சள் கலந்த வெண்புள்ளிகள் இருந்தால் அது ரத்தக்கழிச்சல் கிருமியின் தடம். ஈரலை எறிந்துவிட்டு, கூண்டுச் சுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் நான் முதலில் பார்ப்பது ஈரலைத்தான்; உயிரோடிருக்கும் மற்றவற்றின் நிலையை அதுவே சொல்லிவிடுகிறது. இறைச்சியை ஒரு நாள் குளிரில் வைத்து, விறைப்புத் தளர்ந்த பிறகே சமைக்கவோ உறையவைக்கவோ வேண்டும். இளம் முயலின் இறைச்சி மென்மையானது, கொழுப்பு மிகக் குறைந்தது. கொழுப்பில்லாத அதையே வேறு உணவின்றித் தொடர்ந்து உண்பது உடம்புக்கு ஆகாது.

தோலின் கதை வேறு. இறைச்சியும் தோலும் ஒரே முயலில் சிறந்து கிடைக்கும் என்று நினைத்ததுதான் என் இரண்டாவது பெரிய தவறு. பன்னிரண்டு வாரத்தில் இறைச்சி மிகச் சிறப்பாக இருக்கும், தோலோ காகிதம்போல் மெலிந்து, குட்டி முடி உதிரும் நிலையில் இருக்கும். உறுதியான தோலும் அடர்ந்த முடியும் வேண்டுமானால் ஐந்தாறு மாதம் கடந்து, முடி மாற்றி முடித்திருக்க வேண்டும். குளிர்காலமாகவும் இருந்தால் இன்னும் நல்லது. அதுவரை அது தின்னும் தீவனமோ இறைச்சியாக முழுதும் திரும்பி வராது. ஆகவே பெரும்பாலானவற்றைப் பன்னிரண்டாம் வாரத்திலேயே இறைச்சிக்கென்று எடுத்துவிட்டு, முடி நன்றாயிருக்கும் சிலவற்றை மட்டும் தனித்தனிக் கூண்டில் குளிர்காலம்வரை வைக்கிறேன். அறுப்பதற்கு முன் முடியை எதிர்த்திசையில் ஊதிப் பார்க்க வேண்டும். அடியில் புதிய குட்டை முடி முளைத்துக்கொண்டிருந்தால் சில வாரம் பொறுக்க வேண்டும். நிறமுள்ள முயலின் தோலை உரித்து உட்புறம் பார்த்தால், முடி வளர்ந்துகொண்டிருக்கும் இடங்கள் கருநீலத் திட்டுகளாகத் தெரியும்.

முடிக்காகவே வளர்ப்பவர்களுக்கு ரெக்ஸ் இனம் உண்டு. பிரான்சில் 1919இல் தோன்றிய அந்த மரபு மாற்றத்தால், மேல்முடியும் அடிமுடியின் அளவுக்கே குட்டையாகி, தோல் வெல்வெட்போல் இருக்கும். பாத முடியும் குறைவென்பதால் ரெக்ஸுக்கு மரப்பலகை கட்டாயம். நீண்ட முடிக்காக வளர்க்கும் அங்கோரா இனத்தைக் கொல்லவே வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்தரித்தால் போதும். ஆனால் நாள்தோறும் சீவிவிட நேரமில்லாதவர் அதைத் தொடக் கூடாது என்பது என் கருத்து, ஏனென்றால் முயலால் வாந்தி எடுக்க முடியாது. நக்கி விழுங்கிய நீண்ட முடி வயிற்றில் திரண்டு நின்றால் உயிருக்கே ஆபத்து.

முதலில் உரித்த தோல்களை விரைவில் காயட்டும் என்று வெயிலில் விரித்தேன். கொழுப்பு உருகிப் படிந்து, பலகைபோல் விறைத்து, முடியும் கொத்துக் கொத்தாய் உதிர்ந்துவிட்டது. இப்போது உரித்த உடனே குளிர்ந்த நீரில் கழுவி, 8 லிட்டர் நீரில் ஒரு கிலோ உப்பும் அரை கிலோ படிகாரமும் கரைத்த பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு நாள் ஊறவைக்கிறேன். இரண்டு நாளுக்குப் பிறகு உட்புறச் சவ்வு எளிதாக உரிந்துவரும். வால் பக்கமிருந்து கழுத்து நோக்கி, கத்தியைவிட விரலையே நம்பி அதை நீக்கிவிட்டு, மறுபடியும் ஒரு வாரம் ஊறவிட்டு, தினமும் இரண்டு முறை கிளறுகிறேன். பிறகு அலசி நிழலில் உலர்த்த வேண்டும். முக்கால் பங்கு உலர்ந்து இன்னும் சற்று ஈரமிருக்கும் வேளையில், உட்புறம் வெளுக்கும்வரை எல்லாத் திசையிலும் இழுத்து, மரவிளிம்பின்மேல் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். தோல் மென்மையாவதும் விறைப்பதும் அந்தச் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் மறுபடியும் ஈரமாக்கித் தொடங்க வேண்டியதுதான். படிகாரத்தில் பதனிட்ட தோல் நீரில் ஊறினால் படிகாரம் கரைந்து கெட்டுவிடும் என்பதால், உட்புறத் தையலுக்கும் கையுறைக்கும் அதைப் பயன்படுத்துகிறோம்.

முதல் ஈற்றில் ஒன்பது குட்டி போட்ட பெண் முயல் மூன்றாண்டுகள் எங்களிடம் இருந்தது. கடைசி இரண்டு ஈற்றுகளில் மூன்றும் இரண்டுமாகக் குறைந்தபோது அதன் அட்டையிலும் தேதியை எழுதினேன். அந்தத் தேதியில், ஒரு குளிர்காலக் காலையில், நானே அறுத்தேன். வளர்ந்த முயலின் தோல் எவ்வளவு கனமாகவும் முடி எவ்வளவு அடர்த்தியாகவும் இருக்கும் என்பதை அதில்தான் பார்த்தேன். அடிவயிற்றில் மட்டும், கடைசிக் குட்டிகளின் மெத்தைக்காக அது பிடுங்கிய இடத்தில், முடி இன்னும் முழுதாக வளராமல் விரலகலம் குட்டையாக இருந்தது. நல்ல தோல் வேண்டுமென்றால் கடைசி ஈற்றுக்குப் பிறகு அந்த இடம் நிரம்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். தையலுக்கு ஆகாத அந்தப் பகுதியை வெட்டி எறியாமல், தோலை முழுதாகவே பதனிட்டு வைத்திருக்கிறேன்.